அலுமாரியில் இருக்கும் அந்தச் சின்னக் கருவி...



உங்கள் வீட்டு அலுமாரியை ஒரு தடவை திறந்து பாருங்கள். காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், மகளுக்கென்று சேர்த்து வைத்த நகை என்று பெறுமதியான பொருட்கள் யாவும் அங்கேதான் இருக்கும். இப்பொழுது சில வீடுகளில் அவற்றோடு இன்னொரு பொருளும் வந்து சேர்ந்திருக்கிறது. பெருவிரலை விடச் சற்று நீளமானது. பார்ப்பதற்குக் கம்பியூட்டரில் செருகும் பென் டிரைவ் போல இருக்கும். அதில் ஒரு சின்னஞ்சிறு திரையும் இரண்டு பொத்தான்களும் உண்டு. வெளிநாட்டில் தொழில் பார்க்கும் கணவரோ, கம்பியூட்டர் துறையில் வேலை செய்யும் மகனோ விடுமுறையில் வந்தபோது அதைக் கொண்டுவந்து தந்து, "இதைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

அது என்ன? ஏன் அவ்வளவு கவனம்? "அதைக் கம்பியூட்டரில் போடுங்கள்" என்று அவர் தொலைபேசியில் சொன்னால் எப்படிப் போடுவது? இவற்றை அறியாமல் அதைக் காத்திருப்பது, பூட்டு எது, திறப்பு எது என்று தெரியாமல் பெட்டகத்துக்குக் காவல் இருப்பதைப் போன்றது.

கிரிப்டோ நாணயத்தில் பணம் போடுவது நல்லதா, மார்க்க அடிப்படையில் கூடுமா கூடாதா என்பது தனியாக ஆராய வேண்டிய விடயம். அதை வாங்குங்கள் என்று சொல்வதற்காக இது எழுதப்படவில்லை. இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் இவ்வகை நாணயங்கள் குறித்துப் பொதுமக்களை எச்சரித்து அறிவித்தல்கள் வெளியிட்டது. இவற்றை நடத்துவதற்கு எவருக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்றும் அவற்றில் தெரிவித்தது. ஆனால், உழைத்த பணத்தின் ஒரு பகுதி ஏற்கனவே அந்தக் கருவியின் பொறுப்பில் இருக்குமானால், அது களவு போகாமல் பார்த்துக்கொள்ள வீட்டிலுள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டுமல்லவா? அதற்காகவே இக்கட்டுரை.

கருவிக்குள் பணம் இல்லை

அக்கருவியை ஆங்கிலத்தில் ஹார்ட்வெயார் வொலட் என்பார்கள். வொலட் என்றால் பணப்பை. ஆனால் அந்தப் பைக்குள் ஒரு சதமும் இல்லை! இதைத்தான் நீங்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

2009ஆம் ஆண்டில் தொடங்கிய பிட்கொயினும், அதன் பின்னால் வந்த ஏனைய கிரிப்டோ நாணயங்களும் கையில் பிடிக்கக்கூடிய காசு அல்ல. எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கம்பியூட்டர்களில் ஒரே மாதிரியாகப் பதியப்பட்டுள்ளது. ஒரு முகவரியில் உள்ளதை இன்னொரு முகவரிக்கு மாற்ற வேண்டுமானால் ஓர் இரகசியத் திறப்பு வேண்டும். நீண்ட ஓர் இலக்கமே அந்தத் திறப்பு. அது யாரிடம் இருக்கிறதோ அவரே உரிமையாளர். வங்கி முகாமையாளர் கிடையாது. அடையாள அட்டையைக் காட்டி முறையிட ஒரு கருமபீடமும் கிடையாது. போனால் போனதுதான்.

இந்தத் திறப்பைக் கம்பியூட்டரிலேயே வைத்தால் என்ன? கம்பியூட்டர் இணையத்தோடு இணைந்திருக்கிறது. பிள்ளைகள் விளையாட்டுகளை இறக்குகிறார்கள். யாரோ அனுப்பிய மின்னஞ்சலைத் திறக்கிறோம். இவற்றோடு உளவு பார்க்கும் மென்பொருளும் உள்ளே வந்துவிடலாம். அப்படி வந்தது திறப்பைத் திருடினால் எல்லாம் முடிந்துவிடும். இதற்குப் பரிகாரமாகவே இக்கருவிகள் உருவாக்கப்பட்டன. செக் குடியரசின் பிராக் நகரிலுள்ள சடோஷிலாப்ஸ் நிறுவனத்தின் ட்ரெசர் என்ற கருவி 2014இல் வெளிவந்தது. அதே ஆண்டில் பிரான்சில் தொடங்கப்பட்ட லெஜர் நிறுவனத்தின் கருவிகளும் இன்று பரவலாகப் பாவிக்கப்படுகின்றன.

வேலை இப்படி நடக்கிறது: பணம் அனுப்பும் கட்டளையைக் கம்பியூட்டர் தயாரித்துக் கருவிக்குக் கொடுக்கிறது. கருவி அதைத் தன் சின்னத் திரையில் காட்டுகிறது. நீங்கள் பொத்தானை அழுத்திச் சம்மதித்தால், கருவி உள்ளுக்குள்ளேயே அதில் ஒப்பமிட்டு, அந்த ஒப்பத்தை மட்டும் கம்பியூட்டருக்குத் திருப்பிக் கொடுக்கிறது. திறப்பு கருவியை விட்டு வெளியே வருவதேயில்லை.

கம்பியூட்டர் பொய் சொல்லலாம்

ஆகவே, இக்கருவியைப் பாவிப்பவர் மனதில் பதித்துக்கொள்ள வேண்டிய அடிப்படை ஒன்றுதான்: கம்பியூட்டரை நம்பாதீர்கள். அதன் பெரிய திரையில் தெரிவது பொய்யாக இருக்கலாம். கருவியின் சின்னத் திரையில் தெரிவதுதான் சாட்சி. மற்ற விதிகள் அனைத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட பைபிட் என்ற கிரிப்டோ சந்தையில் 2025 பெப்ரவரி 21 அன்று ஏறத்தாழ 150 கோடி அமெரிக்க டொலர் பெறுமதியான ஈதர் நாணயம் ஒரே தடவையில் களவு போனது. அந்நிறுவனத்திடம் இத்தகைய கருவிகள் இருக்கவில்லையா? இருந்தன. ஒருவர் மட்டுமல்ல, பலர் ஒப்பமிட்டால்தான் பணம் நகரும் என்ற ஏற்பாடும் இருந்தது. ஆனால் அவர்கள் பாவித்த இணையப் பக்கத்தைத் திருடர்கள் முன்கூட்டியே மாற்றி வைத்திருந்தார்கள். கம்பியூட்டர் திரையில் வழமையான கொடுக்கல் வாங்கலே தெரிந்தது. கருவிக்குச் சென்ற கட்டளையோ வேறு. கருவியின் திரையில் வந்த விபரம் வாசித்து விளங்கக்கூடியதாக இருக்கவில்லை. அப்படியிருந்தும் ஒப்பமிட்டார்கள். பெட்டகமே கைமாறிப் போனது. இது வட கொரியாவின் வேலை என அமெரிக்காவின் எப்.பி.ஐ. அறிவித்தது.

பூட்டு உடைக்கப்படவில்லை, சகோதரியே! உரியவர்களின் கையாலேயே திறக்க வைக்கப்பட்டது. இதைச் சிந்தித்துப் பாருங்கள்.

இணைப்பதற்கு முன்

முதலாவது, கருவி எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதைத் தயாரித்த நிறுவனத்திடமோ, அந்நிறுவனம் ஏற்றுக்கொண்ட விற்பனையாளரிடமோதான் வாங்க வேண்டும். பாவித்த கருவியும் மலிவு விலைக் கருவியும் வேண்டாம். 2018ஆம் ஆண்டு ஜனவரியில் பிரித்தானியாவில் ஒருவரின் சேமிப்பு பறிபோன செய்தி வெளிவந்தது. இணையச் சந்தையில் இடைத்தரகர் ஒருவரிடம் அவர் கருவி வாங்கியிருந்தார். பெட்டிக்குள் சுரண்டிப் பார்க்கும் அட்டை ஒன்று இருந்தது. அதில் இரகசியச் சொற்கள் ஏற்கனவே அச்சிடப்பட்டிருந்தன. அந்தச் சொற்களையே அவர் பாவித்தார். விற்றவனிடமும் அதே சொற்கள் இருந்தன! புதிய கருவி ஒருபோதும் சொற்களோடு வராது. பின் இலக்கத்தோடும் வராது. வந்தால் அது வலை என்று அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, எந்தக் கம்பியூட்டர் என்று பாருங்கள். உங்கள் வீட்டுக் கம்பியூட்டராக இருக்கட்டும். இணையக் கடை, பிள்ளையின் பாடசாலை, அயல் வீடு ஆகிய இடங்களிலுள்ளவை வேண்டாம். களவாகப் பிரதி செய்த விண்டோஸ் போட்ட கம்பியூட்டரும் உகந்ததல்ல. அதோடு என்ன ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முறையான விண்டோஸ் அல்லது வேறு இயங்குதளம், அதன் புதிய திருத்தங்கள், வைரஸ் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும்.

மூன்றாவது, மென்பொருள். கருவியோடு பேசுவதற்கு அதன் நிறுவனம் தரும் மென்பொருளைக் கம்பியூட்டரில் நிறுவ வேண்டும். அதைத் தேடுபொறியில் தேடி, முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தாதீர்கள். நிறுவனத்தின் இணையத்தள முகவரியைக் கருவியின் பெட்டியிலோ கைநூலிலோ பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பெரிய கடையில் இருப்பதெல்லாம் அசல் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2023 நவம்பரில் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் சொந்த மென்பொருள் கடையிலேயே லெஜரின் பெயரில் போலி மென்பொருள் ஒன்று இருந்தது. அது அகற்றப்படுவதற்குள் பலர் மொத்தமாக 5 இலட்சம் டொலருக்கும் அதிகமாக இழந்துவிட்டார்கள்.

இணைக்கும் போது

கருவியோடு வந்த யூ.எஸ்.பி. வயரையே பாவியுங்கள். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் சில வயர்கள் மின்சாரத்தை மட்டுமே கடத்தும், தகவலைக் கடத்தாது. அத்தகைய வயரைப் போட்டுவிட்டு, "கருவி பழுதாகிவிட்டதே!" என்று பதறி, கண்டவரிடமும் உதவி கேட்பவர்கள் உண்டு. திருடன் எதிர்பார்ப்பது அந்தப் பதற்றத்தைத்தான்.

இணைத்ததும் மென்பொருள் கருவி அசல்தானா என்று சோதிக்கும். அந்தச் சோதனை முடியும் வரை பொறுத்திருங்கள். கருவிக்குள் இயங்கும் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னால், அந்தச் செய்தி நிறுவனத்தின் மென்பொருளிலும் கருவியின் திரையிலும் ஒருங்கே வருகிறதா என்று பார்த்த பின்னரே சம்மதியுங்கள். மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்திப் புதுப்பிக்க வேண்டாம்.

அடுத்து பின் இலக்கம். பிறந்த ஆண்டு, வீட்டு இலக்கம் போன்றவை வேண்டாம். பலமுறை பிழையாக அடித்தால் கருவி தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். லெஜர் கருவிகளில் மூன்று தடவை பிழைத்தாலே அப்படி நடக்கும். பயப்பட வேண்டாம். மீட்புச் சொற்கள் இருந்தால் எல்லாவற்றையும் மீட்கலாம். ஆகவேதான் அச்சொற்களைப் பற்றி இனிக் கூறுவதை ஊன்றி வாசியுங்கள்.

வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிடுங்கள். செருகியபடியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். தூரத்திலிருந்து உங்கள் கம்பியூட்டரை இயக்க இடமளிக்கும் மென்பொருளைப் போடும்படி யாராவது தொலைபேசியில் கேட்டால், உடனே தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

24 சொற்கள்

புதிய கருவி முதன்முதலில் இயங்கும்போது சில ஆங்கிலச் சொற்களைத் தன் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டும். 12 சொற்களாகவோ 24 சொற்களாகவோ அவை இருப்பது வழமை. 2013இல் வகுக்கப்பட்ட 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து கருவி தானாகவே அவற்றைத் தெரிவு செய்கிறது. இவைதான் மீட்புச் சொற்கள். கருவி தொலைந்தாலும், தண்ணீரில் விழுந்தாலும், வேறொரு புதிய கருவியில் இச்சொற்களை அதே ஒழுங்கில் கொடுத்தால் எல்லாம் திரும்பி வரும். அதே போல, இச்சொற்கள் வேறொருவன் கையில் கிடைத்தால் அவனுக்கு உங்கள் கருவியும் தேவையில்லை, பின் இலக்கமும் தேவையில்லை.

எனவே, பேனை எடுத்துக் காகிதத்தில் எழுதுங்கள். எழுத்துப் பிழையில்லாமல், இலக்கமிட்டு, ஒழுங்கு மாறாமல் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுக்காதீர்கள். வட்ஸ்அப்பில் கணவருக்கு அனுப்பாதீர்கள். மின்னஞ்சலில் சேமிக்காதீர்கள். கம்பியூட்டரில் தட்டச்சு செய்யாதீர்கள். இரண்டு பிரதிகள் எழுதி, இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். ஒரு வீட்டில் தீப்பற்றினாலும், வெள்ளம் வந்தாலும் மற்றது மிஞ்ச வேண்டும். கருவியையும் சொற்களையும் ஒரே பெட்டியில் வைப்பது, பூட்டிலேயே திறப்பைத் தொங்க விடுவதாகும்.

பெரிய தொகை போடுவதற்கு முன்னர் ஒரு சோதனை செய்துவிடுங்கள். சிறு தொகை ஒன்றை வைத்து, கருவியை வேண்டுமென்றே அழித்து, எழுதிய காகிதத்தைப் பார்த்து மீட்டுப் பாருங்கள். சொற்களைக் கருவியின் பொத்தான்களாலேயே கொடுங்கள். மீண்டால் காகிதம் சரி. மீளாவிட்டால் சிறு தொகையோடு பாடம் முடிந்துவிடும்.

யாரிடமாவது ஏற்கனவே அச்சொற்களைச் சொல்லிவிட்டீர்களா? எங்கேயாவது தட்டச்சு செய்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே உரியவரிடம் கூறுங்கள். புதிய சொற்களோடு புதிய கணக்கை உண்டாக்கி, இருப்பதை உடனடியாக அதற்கு மாற்றுவதே வழி. இதில் ஒரு மணித்தியாலமும் பெரிது.

பெறும் போதும் அனுப்பும் போதும்

பணம் பெறுவதற்கு உங்கள் முகவரியைக் கொடுக்க வேண்டும். அது எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு நீண்ட சரம். கம்பியூட்டரில் தெரியும் முகவரியும் கருவியின் திரையில் தெரியும் முகவரியும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கு எழுத்தையும் மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அந்த எழுத்துக்கள் மட்டும் ஒத்துப் போகும் முகவரிகளைத் திருடர்கள் தயாரித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் பிரதி செய்த முகவரியை ஒட்டும்போது இரகசியமாக மாற்றிவிடும் வைரஸ்களும் உண்டு. முதலில் சிறு தொகை, அது வந்து சேர்ந்த பிறகு மிகுதி. இதை ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள்.

அனுப்பும் போதும் அப்படியே. யாருக்கு, எவ்வளவு என்பதைக் கருவியின் திரையில் வாசித்துவிட்டே பொத்தானை அழுத்துங்கள். திரையில் வந்தது விளங்கவில்லையா? மறுத்துவிடுங்கள். மறுப்பதால் ஒன்றும் நட்டமில்லை. விளங்காமல் ஒப்பமிட்டதால் பைபிட்டுக்கு என்ன நடந்தது என்பதை மேலே பார்த்தோம்.

வீட்டு வாசலுக்கு வரும் கடிதம்

சகோதரியே, இது குறிப்பாக உங்களுக்கு. ஏனெனில் தபால்காரர் வரும்போது வீட்டில் இருப்பவர் நீங்கள்தான்.

2020ஆம் ஆண்டில் லெஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விபரங்கள் களவு போயின. கருவிகளிலிருந்து எதுவும் போகவில்லை. ஆனால் பத்து இலட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல் முகவரிகளும், ஏறத்தாழ 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியனவும் அவ்வாண்டு டிசம்பரில் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. அடுத்த ஆண்டு அவர்களில் சிலரின் வீடுகளுக்குத் தபாலில் பொதி வந்தது. அழகாகப் பொதி செய்த புதிய கருவி, நிறுவனத்தின் பெயரில் ஒரு கடிதம். "உங்கள் பாதுகாப்புக்காகப் புதிய கருவியை அனுப்பியுள்ளோம், கம்பியூட்டரில் இணைத்து உங்கள் சொற்களைக் கொடுங்கள்" என்ற கருத்தில் அது இருந்தது. கருவியைத் திறந்து பார்த்தபோது உள்ளே திருட்டு மென்பொருளுக்கென வேறொரு பாகம் பொருத்தப்பட்டிருந்தது.

எந்த நிறுவனமும் உங்கள் மீட்புச் சொற்களைக் கேட்காது. தொலைபேசியிலும் கேட்காது, தபாலிலும் கேட்காது, திரையில் வரும் படிவத்திலும் கேட்காது. கேட்பவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், "உங்கள் கணவர்தான் எடுக்கச் சொன்னார்" என்று கூறினாலும் திருடனே. கேளாமல் வந்த கருவியைக் கம்பியூட்டரில் செருகாதீர்கள். இப்படியொரு கருவி வீட்டில் இருப்பதை அயலவரிடமும் கல்யாண வீட்டிலும் பேசிக்கொள்ளவும் வேண்டாம்.

நாளை நாம் இல்லாவிட்டால்...

திருடனிடமிருந்து காப்பதில் மட்டும் கவனம் செலுத்தி, உரியவருக்கே கிடைக்காமல் ஆக்கிவிடுவதும் உண்டு. ஸ்டீபன் தோமஸ் என்ற கணினி நிபுணரிடம் 7,002 பிட்கொயின்கள் உள்ளன. திறப்பை அவர் கடவுச்சொல் கேட்கும் ஒரு பென் டிரைவில் வைத்தார். கடவுச்சொல் எழுதிய காகிதத்தைத் தொலைத்துவிட்டார். பத்துத் தடவைகளே முயற்சிக்கலாம். அவற்றில் எட்டு முடிந்துவிட்டதாக 2021 ஜனவரியில் செய்தி வெளியானது. கம்பியூட்டர் கற்றவருக்கே இந்நிலை என்றால், ஒன்றும் அறியாத ஒரு விதவையின் நிலை என்ன?

எனவே, அடுத்த தடவை அவர் தொலைபேசியில் பேசும்போது, அல்லது விடுமுறையில் வரும்போது, இந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள்: கருவி எங்கே? சொற்கள் எழுதிய காகிதங்கள் எங்கெங்கே? பின் இலக்கம் யாருக்குத் தெரியும்? உங்களுக்கு ஒன்று நேர்ந்தால் நான் யாரை நம்பி உதவி கேட்பது? காகிதம் இருக்கும் இடங்களை மட்டும் நேரில் சொல்லட்டும். சொற்களைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். கருவி என்ன, எதற்கு என்பதை ஒரு தாளில் எழுதி, காணி உறுதியோடு வைக்கட்டும். அந்தத் தாளில் சொற்களை எழுத வேண்டாம். கடன்காரருக்கும் வாரிசுகளுக்கும் சேர வேண்டிய உரிமை, யாருக்கும் தெரியாத 24 சொற்களோடு மண்ணுக்குள் போய்விடக் கூடாது.

"இதெல்லாம் உனக்கு விளங்காது" என்று அவர் சொல்லக்கூடும். விடாதீர்கள். மின்சாரம் எப்படி உற்பத்தியாகிறது என்று தெரியாமலே ஈரக் கையால் ஆளியைத் தொடக்கூடாது என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கவில்லையா? அது போலத்தான் இதுவும். கம்பியூட்டரை நம்பாதே, சின்னத் திரையை வாசி, சொற்களை எவருக்கும் கொடாதே. இந்த மூன்றையும் எந்தத் தாயும் கற்றுக்கொள்ளலாம், எந்தத் தாயும் கற்றுக்கொடுக்கலாம்.

கணவர் வெளிநாட்டில் வெயிலில் நின்று உழைத்தது அது. உங்கள் கையில் அமானிதமாக இருக்கிறது. இன்று இரவு அலுமாரியைத் திறக்கும்போது அந்தச் சின்னக் கருவியின் பக்கத்தில் ஏதாவது காகிதம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முதல் வேலையாக அதை வேறோர் இடத்துக்கு மாற்றுங்கள்.